எளிய நடை யாருடையது?

எளிய நடையைப் பற்றி நம்மவர் பேசாத நாளில்லை. பாடநூல் எளிய நடையில் இருத்தல் வேண்டும் என்கிறோம். செய்தித்தாளும் மேடைப் பேச்சும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்கிறோம். ஆயினும் எளிமை யாது என்று வினவினால், நீண்ட தொடரைக் குறுக்குவதும், வழக்கிழந்த சொல்லை நீக்கி வழக்கிலுள்ள சொல்லை இடுவதுமே எளிமை என்னும் அளவில் நம் விடை நின்றுவிடுகிறது. அவ்விடை போதாது என்பதை உணர்த்தும் எழுத்து வகை ஒன்று உண்டு. குழந்தைப்பேறு வாய்க்காமல் மருத்துவம் நாடியவர்கள், தம்மைப் போன்றவர்க்கென்று தாமே எழுதிய விளக்க நூல்களும் குறிப்புத் தாள்களுமே அவை.

இலக்கிய ஆராய்ச்சிப் பகுதியில் மருத்துவக் கைந்நூலுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் கேட்கலாம். நாளைக் காலையில் ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாவா? சேமித்த பணத்தை மூன்றாம் முறையும் செலவிடுவதா, இம்மட்டில் நிறுத்துவதா? இவ்வாறு கலங்கி நிற்கும் ஒரு பெண் கையில் எடுக்கும் உரைநடைக்குப் பொறுப்பு மிகுதி. அங்கே ஒரு சொல் பிழைத்தால் ஒருவர் வாழ்வில் ஓராண்டு பிழைக்கும். அத்தகைய உரைநடையை ஆராயாமல் எளிமையைப் பற்றி முடிவு கூறுதல் இயலாது.

இக்கட்டுரையின் துணிபு இது: எளிமை சொல்லில் தொடங்குவதில்லை, வினாவில் தொடங்குகிறது. யாருடைய வினாவிற்கு ஒரு தொடர் விடை கூறுகிறதோ, அவருடையதே அந்த நடை. மருத்துவரின் வினாவிற்கு விடையாக அமைந்த தொடரை எத்துணைச் சிறிய சொற்களால் எழுதினாலும், மருத்துவம் பெறுவோர்க்கு அது எளிதாகாது.

படர்க்கையிலிருந்து தன்மைக்கு

இவ்வகை எழுத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெண்கள் சிலர் கூடி, பெண்ணின் உடலைப் பற்றி 193 பக்கமுள்ள மலிவு நூல் ஒன்றை வெளியிட்டனர். விலை 75 சென்ட். அவர்கள் மருத்துவர் அல்லர். மருத்துவ நூல்களைத் தாமே தேடிப் படித்து, தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு எழுதினர். முதற்பதிப்பிற்குப் 'பெண்களும் அவர்தம் உடல்களும்' என்னும் பொருளில் பெயரிட்டனர். அடுத்த ஆண்டிலேயே 'நம் உடல்கள், நாம்' என்னும் பொருள்படும் புதுப்பெயர் சூட்டினர். இன்றுவரை உலகம் அதனை அப்பெயராலேயே அறியும்.

பெயரில் நேர்ந்த மாற்றத்தைத் தமிழாசிரியர் எளிதில் கண்டுகொள்வர். படர்க்கை தன்மையாயிற்று. 'அவர்கள்' என்று சுட்டப்பட்டவர், 'நாம்' என்று பேசத் தொடங்கினர். ஆங்கிலத்தில் இம்மாற்றம் இவ்வளவோடு நின்றது. தமிழுக்கு வந்தால் மேலும் ஒரு படி செல்ல வேண்டியிருக்கும். ஏனெனில் நம் மொழியில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்போரை உளப்படுத்தியது 'நாம்'. கேட்போரை விலக்கியது 'நாங்கள்'. மருத்துவமனைக் குறிப்பில் 'கருமுட்டைகளை எடுப்போம்' என்று வரும்போது அது 'நாங்கள்' எடுப்போம் என்பதே. மருத்துவம் பெற்றவர் எழுதும்போது 'முட்டை எடுக்கும் நாளன்று நமக்கு அடிவயிறு வலிக்கும்' என்பார். ஆங்கிலம் மறைத்துவைத்த வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டிவிடும். ஆதலின் தமிழில் எழுதுவோர் எந்தப் பன்மையைக் கொள்கிறோம் என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அதே பாஸ்டன் பகுதியில் 1974ஆம் ஆண்டில் பார்பரா எக் மென்னிங் என்னும் செவிலியர், 'ரிசால்வ்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவரே குழந்தைப்பேறின்றி வருந்தியவர். மருத்துவத்தின் உள்ளும் புறமும் அறிந்த அவர், குழந்தையில்லாத தம்பதியர்க்கென்று 1977இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். உடற்கூறும் சோதனைகளும் மட்டுமே தம் வாசகர்க்குத் தேவை என்று அவர் எண்ணவில்லை. திகைப்பு, மறுப்பு, தனிமை, சினம், குற்றவுணர்வு, துயரம் என்னும் நிலைகளைக் கடந்து ஒரு முடிவுக்கு வருதலைப் பற்றியும் விரிவாக எழுதினார். மருத்துவ நூல் வினவுவது, 'இவ்வுடலில் குறை எங்கே?' என்பது. மென்னிங்கின் வாசகர் வினவியதோ, 'இவ்வளவு துன்பப்படுவது நான் மட்டுமா? இதற்கு முடிவு உண்டா?' என்பது. வினா வேறாகவே நூலும் வேறாயிற்று.

அந்நூல் வந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். உடலுக்கு வெளியே கருவூட்டிப் பிறந்த முதற் குழந்தை, 1978ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தது. ஐந்து ஆண்டுகளில், 1983இல், சிங்கப்பூரிலும் அம்முறையில் குழந்தை பிறந்தது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். மென்னிங் எழுதியபோது இவ்வாய்ப்பு வரவில்லை. நூலைப் படித்தவர் பலர்க்குக் குழந்தை பிறவாது என்பதை அறிந்தே அவர் எழுதினார். நம்பிக்கையை விற்கும் நோக்கமின்றி எழுதியமையால் அவ்வெழுத்து நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

ஓர் ஒற்றின் வேறுபாடு

இனி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில மருத்துவ ஏடுகளில், தானாகக் கருச் சிதைந்ததையும், வேண்டிச் செய்துகொண்ட கருக்கலைப்பையும் 'அபார்ஷன்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குழந்தை வேண்டித் தவமிருந்து, வந்த கருவை இழந்த பெண், தன் மருத்துவ ஏட்டில் அச்சொல்லைக் கண்டால் என்ன நினைப்பாள்? 1985இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் சிலர் இதனை எடுத்துக்காட்டி, தானாக நேரும் இழப்பிற்குப் பெண்கள் வழங்கும் 'மிஸ்கேரேஜ்' என்னும் சொல்லையே மருத்துவரும் வழங்குதல் வேண்டும் என்று எழுதினர். அறிஞர் சொல்லைவிட மக்கள் சொல்லே நுட்பம் உடையது என்று அறிஞரே ஒப்பிய இடம் இது.

தமிழில் இவ்வேறுபாடு வினைச்சொல்லின் உள்ளேயே அமைந்து கிடக்கிறது. 'கரு கலைந்தது' என்பது தன்வினை. 'கருவைக் கலைத்தாள்' என்பது பிறவினை. இரண்டிற்கும் இடையே ஓர் ஒற்றே வேறுபாடு. அந்த ஒற்று, ஒருத்தியைத் துயருற்றவள் என்றும் காட்டும். தானே செய்தவள் என்றும் காட்டும். தன்வினை பிறவினைகளை வகுப்பில் 'உருண்டான், உருட்டினான்' என்று கற்பிக்கிறோம். ஒரு குறிப்புத் தாளில் 'கருக்கலைப்பு' என்று எழுத வேண்டுமா, 'கருச்சிதைவு' என்று எழுத வேண்டுமா என்னும் இடத்தில் அப்பாடம் உயிர்பெறுகிறது.

எழுவாயும் அத்தகையதே. மருந்து கொடுத்தும் கருமுட்டைகள் குறைவாக விளைந்தால், அப்பெண்ணை 'மருந்துக்குச் சரியாக இணங்காதவர்' என்னும் பொருள்பட மருத்துவ ஆங்கிலம் குறிக்கிறது. தொடரின் எழுவாய் பெண், குறையும் பெண்ணுடையதாகிறது. அதனையே, 'இந்த மருந்து உங்களுக்குப் போதிய பயன் தரவில்லை' என்று எழுதினால் எழுவாய் மருந்தாகிவிடும். செய்தி மாறவில்லை, குற்றம் சுமத்தப்படும் இடம் மாறிவிட்டது. இதனைச் 'சொல் அலங்காரம்' என்று ஒதுக்குவது தவறு. யார் மீது வினை ஏற்றப்படுகிறது என்பது இலக்கணத்தின் அடிப்படை அன்றோ?

பெயரிடும் பொறுப்பு

நம் வழக்கில் 'மலடி' என்னும் சொல் உண்டு. 'மலடன்' என்னும் சொல்லும் உண்டு. ஆனால் ஊர் வாயில் வழங்குவது முதலாவதே. குழந்தை பிறவாமைக்குக் காரணம் மனைவியிடத்தும் இருக்கலாம், கணவனிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம், ஆராய்ந்தும் காரணம் புலப்படாமலும் போகலாம். ஆணின் உயிரணு ஒன்றை எடுத்துக் கருமுட்டையினுள் நேரே செலுத்திக் கருத்தரித்த செய்தி 1992இலேயே வெளிவந்தது. மருத்துவம் ஆண்பாலுக்கு வந்து சேர்ந்த பின்னும் மொழி பெண்பாலிலேயே நிற்கிறது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் இக்குறையை எதிர்ப்படுவர் என்று கூறுகிறது. ஆறில் ஒருவர்க்கு நேர்வதை வசைச்சொல்லால் குறிப்பது மொழிக்கே இழுக்கு. 'ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை' என்று சொன்னால், மருத்துவர் கொள்ளும் வரையறைக்கும் அது பொருந்தும். கேட்பவர் மனமும் புண்படாது.

'சோதனைக்குழாய்க் குழந்தை' என்னும் பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கரு உருவாவது குழாயில் அன்று. தட்டையான சிறு கண்ணாடித் தட்டு போன்ற கலத்தில். அன்றியும், 'சோதனை' என்னும் சொல்லுக்குத் தமிழில் துன்பம் என்னும் பொருளும் வழங்குகிறது. பிறந்த குழந்தையின் பெயரோடு 'சோதனை' ஒட்டிக்கொள்ள வேண்டுமா? இதற்கு மாற்றாகப் புலவர் சிலர் ஆக்கிய நெடிய தொடர்கள், பொருளாற் சரியாயினும் வாயில் நுழைவன அல்ல. மருத்துவம் பெறுவோர் பெரும்பாலும் 'ஐ.வி.எப்.' என்றே வழங்குகின்றனர். அதனை அப்படியே எழுதி, 'கருமுட்டையையும் உயிரணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைத்தல்' என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

அதே சமயம், நம் வீட்டுத் தமிழில் நுட்பமான சொற்கள் பல உள்ளன. 'கரு தங்கவில்லை' என்று பாட்டியர் கூறுவர். கரு உண்டாகியும் கருப்பையில் நிலைபெறாமற் போன செய்தியை அவ்விரண்டு சொற்களும் தெளிவாக உணர்த்துகின்றன. 'உண்டாயிருக்கிறாள்', 'முழுகாமல் இருக்கிறாள்' என்பனவும் அத்தகையன. நோயுற்றார் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுவோர்க்கு இச்சொற்கள் கிடைக்கும். அகராதியை மட்டும் திறந்து எழுதுவோர்க்குக் கிடைக்கமாட்டா.

நூற்றுக்கு எத்தனை?

எளிமையின் உண்மையான தேர்வு சொல்லைவிட எண்ணில் நிகழ்கிறது. 'வெற்றி விகிதம் நூற்றுக்கு நாற்பது' என்னும் தொடரைப் பாருங்கள். இதில் கடினச் சொல் ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்பு மாணவனும் படிப்பான். ஆயினும் இதைப்போல் மயக்கம் தரும் தொடர் வேறில்லை.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நூறு பெண்கள் மருத்துவத்தைத் தொடங்குகின்றனர். அவர்களுள் எண்பதின்மர்க்கே கருவைக் கருப்பையில் வைக்கும் கட்டம் வாய்க்கிறது. முப்பத்திருவர்க்குக் கருத்தரித்ததாகச் சோதனை காட்டுகிறது. இருபத்துநால்வர் குழந்தை பெறுகின்றனர். இப்போது வெற்றி விகிதம் எவ்வளவு? கரு வைக்கப்பட்டோரில் கருத்தரித்தோரைக் கணக்கிட்டால் நூற்றுக்கு நாற்பது. கரு வைக்கப்பட்டோரில் குழந்தை பெற்றோரைக் கணக்கிட்டால் முப்பது. தொடங்கியோரில் குழந்தை பெற்றோரைக் கணக்கிட்டால் இருபத்துநான்கு. மூன்றும் பொய்யல்ல. ஆனால் வாசலில் நிற்கும் பெண்ணின் வினா ஒன்றுதான்: 'இன்று தொடங்கினால் குழந்தையோடு வீடு திரும்புவேனா?' அவ்வினாவிற்கு நேரான விடை இருபத்துநான்கு. அதிலும் அவள் வயதினர்க்கு எத்தனை என்று கூறினாலன்றி விடை நிறைவு பெறாது.

இதனால்தான் அமெரிக்காவில் 1992இல் சட்டம் இயற்றி, இம்மருத்துவம் செய்யும் நிலையங்கள் தம் வெற்றிக் கணக்கை அரசுக்குத் தர வேண்டும் என்று விதித்தனர். 2020இல் பல நாட்டு மருத்துவரும் ஆய்வாளரும் மருத்துவம் பெற்றோரும் கூடி, கருத்தரிப்பு மருத்துவ ஆய்வுகள் எவ்விளைவுகளை அளந்து கூற வேண்டும் என்று உடன்பட்டபோது, உயிருடன் குழந்தை பிறத்தல் அப்பட்டியலில் இடம்பெற்றது. சோதனை காட்டும் கருத்தரிப்போடு ஆய்வு நின்றுவிடலாகாது என்பது இதன் பொருள்.

'இல்லை'யும் 'தெரியவில்லை'யும்

இன்னொரு நுட்பம் உண்டு. ஐ.வி.எப். மருத்துவத்தோடு மேலதிகக் கட்டணத்திற்குப் பல துணைச் சிகிச்சைகள் வழங்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கருப்பையின் உட்சுவரைச் சிறு குழாயால் இலேசாகச் சுரண்டுதல். அவ்வாறு செய்தால் கரு நன்கு தங்கும் என்று கருதி, பல மருத்துவமனைகளில் அது பரவலாகச் செய்யப்பட்டது. நியூசிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. சுரண்டப்பெற்றோர், சுரண்டப்பெறாதோர் ஆகிய இரு பிரிவினரிலும் குழந்தை பெற்றோர் நூற்றுக்கு 26.1. வேறுபாடு இல்லை.

ஆய்வு செய்து பயன் 'இல்லை' என்று கண்டது ஒன்று. போதிய ஆய்வின்மையால் பயன் உண்டா என்று 'தெரியவில்லை' என்பது மற்றொன்று. பிரிட்டனில் 1991 முதல் இத்துறையைக் கண்காணித்துவரும் ஆணையம், துணைச் சிகிச்சைகளை முன்பு போக்குவரத்து விளக்கைப்போல் மூன்று வண்ணங்களால் தரம் பிரித்தது. 2023இல் அதனை ஐந்து பிரிவாக்கியபோது, பயனில்லை என்று அறியப்பட்டவற்றையும், சான்று போதாதவற்றையும் வெவ்வேறு நிறத்தில் வைத்தது. எளிமை என்றால் குறைத்தல் என்று நினைப்பவர் இதனைக் கருத்தில் கொள்க. மூன்று ஐந்தானது, தெளிவு பெருகிற்று. தேவையான வேறுபாட்டை அழித்துவிட்டு அடையும் எளிமை, எளிமை அன்று, வறுமை.

குறையும் உண்டு

நிற்க. நோயுற்றார் எழுதிய யாவும் குறையற்றவை என்று கூறுவது நம் கருத்தன்று. திறனாய்வாளன் இரு பக்கமும் காணல் வேண்டும். இவ்வெழுத்தின் முதற்குறை, 'எனக்குப் பலித்தது. உனக்கும் பலிக்கும்' என்பது. மேல்நாட்டில் ஐ.வி.எப். செய்துகொள்ளும் பெண்கள் சிலர், கரு தங்கும் என்று நம்பி அன்னாசிப் பழம் உண்கின்றனர். நம் வீடுகளிலோ, கரு கலைந்துவிடும் என்று அஞ்சிக் கருவுற்றவளுக்கு அன்னாசியை மறுக்கின்றனர். ஒரே பழம், இரு நம்பிக்கை, இரண்டிற்கும் வலுவான சான்று இல்லை. அனுபவம் பேசும்போது இவ்வாறு முரண்படுவது இயல்பு.

இரண்டாம் குறை, வென்றவர் பேசுவதும் தோற்றவர் அடங்குவதும். குழந்தை பெற்றவள் தன் கதையைப் பலர்க்கும் சொல்வாள். ஆறு ஆண்டு முயன்று, நகையை விற்று, வெறுங்கையோடு நின்றவள் வாய் திறப்பதில்லை. ஆகவே நாம் கேட்கும் கதைகளின் தொகுதியில் வெற்றி மிகுந்து காணப்படும். அதனைப் படித்துத் தொடங்குபவள் ஏமாறுவாள்.

இதற்குத் தீர்வு, எழுத்தை மீண்டும் மருத்துவர் கையிலேயே ஒப்படைப்பது அன்று. 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பணியைச் செய்கிறது. அதன் அறிக்கை ஒவ்வொன்றோடும் பொதுமக்களுக்கான எளிய சுருக்கம் ஒன்று இணைக்கப்படுகிறது. மருத்துவர் அல்லாதோரும் படித்துக் கருத்துரைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கும் ஒரு படி மேலே சென்றது 2020இல் வெளியான மற்றொரு முயற்சி. குழந்தையின்மை பற்றி இனி எவற்றை ஆராய வேண்டும் என்று மருத்துவம் பெறுவோரையும் மருத்துவரையும் ஆய்வாளரையும் ஒருங்கே கேட்டனர். 40 நாடுகளைச் சேர்ந்த 388 பேர் 423 வினாக்களை அனுப்பினர். அவற்றிலிருந்து முதன்மையானவற்றைத் தேர்ந்து வெளியிட்டனர். விடையை எளிதாக்கித் தருவதோடு நில்லாமல், வினாவிலேயே மருத்துவம் பெறுவோர்க்குப் பங்கு தந்த முறை இது. சான்று ஆராய்வோரிடமிருந்து வரட்டும். வினா நோயுற்றாரிடமிருந்து வரட்டும். இரண்டும் கூடிய இடத்தில் நல்ல உரைநடை பிறக்கும்.

தமிழில் எழுதப் புகுவார்க்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு மருத்துவக் குறிப்பைத் தமிழில் ஆக்க வேண்டுமென்றால், பலரும் முதலில் நாடுவது தமிழாசிரியரைத்தான். அப்போது நம்மவர் ஒற்றுப் பிழையைத் திருத்துவர். வடசொல்லுக்குத் தென்சொல் இடுவர். நல்ல தமிழாயிற்று என்று திருப்பித் தருவர். அப்பணி தேவையே, ஆனால் அது பாதிப் பணி. அத்தாளை அம்மருத்துவம் பெற்ற ஒருவரிடம் கொடுத்து, 'இதைப் படித்தபின் நீங்கள் கேட்க விரும்பும் முதற் கேள்வி என்ன?' என்று வினவுதல் வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்கு விடை தாளில் இல்லையெனில், தாள் எளிதன்று. விடை நான்காம் பக்கத்தில் இருந்தால், அதனை முதற் பக்கத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். எழுவாய் யார், வினை யார்மேல் ஏற்றப்பட்டது, எண்ணுக்கு அடித்தளம் எது, 'இல்லை'யும் 'தெரியவில்லை'யும் பிரிந்து நிற்கின்றனவா என்று வரிவரியாகப் பார்த்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் மருத்துவம் கற்றார்க்கே உரிய வேலை அன்று. இலக்கணம் கற்றவர் செய்யத்தக்க வேலையே.

ஆண்டு பலவாகியும் குழந்தை இல்லாத பெண்ணிடம் 'வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையா?' என்று கேட்க நம் மொழியில் சொல் இருக்கிறது. அவள் தன் மருத்துவத்தைத் தானே படித்து அறிந்து, தானே முடிவு செய்வதற்கும் நம் மொழியில் சொல் இருத்தல் வேண்டும். முன்னதை யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. அது தானே பரவும். பின்னதை ஒருவர் உட்கார்ந்து, அவளைக் கேட்டு, அவளோடு சேர்ந்து எழுதினால்தான் உண்டு.